நாலு காரும் ஒரு முதுகுவலியும்

ஜெயசித்ரா பொய் சொல்லுகிறவள் இல்லை. சொல்லத் தெரியாதவள் என்பதுதான் சரி. பத்தொன்பது வருஷமாகத் தென்காசியில் முப்பிடாதி அம்மன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். அந்தத் தொழிலில் பொய்க்கு இடமில்லை. கிளச்சை டக்கென்று விட்டது யார் என்று வண்டியே குலுங்கிச் சொல்லிவிடும். ஆனாலும் ஆனி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையில் பல் தேய்த்து முடிப்பதற்குள் புருஷனிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டாள். தனக்கு முதுகுவலி என்று.

அவள் புருஷன் முத்துகுமரன் போலீஸில் ஏட்டு. சீசன் முழுக்க அவருக்குக் குற்றாலத்தில் போக்குவரத்து டூட்டி. அன்றைக்கு ஆய்க்குடி முருகன் கோயிலில் அவருடைய அக்கா சங்கரம்மாளின் பேரனுக்குக் காதுகுத்து. எனக்கு லீவு கிடைக்காது, நீயாவது போய்த் தலையைக் காட்டிவிட்டு வா என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். ஜெயசித்ராவும் பட்டுச் சேலையை எடுத்து வெளியே வைத்திருந்தாள். ஆறு மணிக்குச் சலீம் பாயிடமிருந்து போன் வந்தது.

கடையநல்லூர் முகம்மது சலீம் மூன்று மாதமாக அவளிடம் கார் பழகுகிறவர். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருஷம் துபாயில், அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதுப்பிக்கிற ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். எந்தக் காரையும் நட்டு நட்டாகக் கழற்றிக் கண்ணை மூடிக்கொண்டு திரும்ப மாட்டுவார். ஓட்ட மட்டும் வராது. கார் நகரத் தொடங்கினால் அவருக்குக் கை மரத்துப்போகும். அங்கே பதினோரு தடவை லைசென்ஸ் டெஸ்ட் கொடுத்தார். பதினோராவது தடவை, கூட உட்கார்ந்திருந்த அதிகாரி பாதி வழியில் இறங்கி டாக்ஸி பிடித்துப் போய்விட்டார். இதை அவரே எல்லோரிடமும் சொல்வார்.

ஊர் திரும்பியதும், எஸ்டேட் ஷெட்டுகளிலும் பூட்டிக் கிடந்த பங்களாக்களிலும் தேடிப் பிடித்து நாலு பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கினார். குத்துக்கல்வலசையில் ஒரு ஷெட் போட்டு, நாலு வருஷம் அதிலேயே கிடந்து, நாலுக்கும் உயிர் கொடுத்தார். ஐந்தருவி ரோட்டில் புதிதாக ரிசார்ட் திறந்திருக்கும் மணிகண்டபிரபு, சீசன் முடியும்வரை அவற்றைத் தன்னிடம் நிறுத்தி, தங்க வருகிறவர்களை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டலாம் என்று பேசியிருந்தார். ஒரே நிபந்தனைதான். லாரியில் ஏற்றிக்கொண்டு வரக்கூடாது. ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குள் நாலும் தானாக ஓடி வாசலுக்கு வர வேண்டும். அதற்காகச் சலீம் கொச்சியிலிருந்து நாலு டிரைவர்களை வரவழைத்திருந்தார். அவர்கள் சனிக்கிழமை மத்தியானமே வந்து, நேரே குற்றாலம் போய், எண்ணெய் தேய்த்து, பேரருவி, ஐந்தருவி, பழைய அருவி என்று ஒன்று விடாமல் குளித்தார்கள். இப்போது லாட்ஜில் நாலு பேரும் நாலு கம்பளிக்குள் காய்ச்சலில் கிடந்தார்கள்.

“நீங்கதான் மேடம் ஓட்டித் தரணும். நாலையும்” என்றார் சலீம்.

ஜெயசித்ரா வேறு எதையும் கேட்காமல் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் ஏன் சொன்னோம் என்று யோசித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் ஓட்டிய ஓட்டமெல்லாம் இடதுபக்க சீட்டில் உட்கார்ந்து ஓட்டியது. அடுத்தவர் கையில் ஸ்டியரிங். அவள் காலடியில் இன்னொரு கிளச், இன்னொரு பிரேக். நாற்பதைத் தாண்டாத முள். அவளுக்கென்று ஓட்டியதே இல்லை.

வாயில் பிரஷ்ஷோடு திரும்பினால் முத்துகுமரன் நிற்கிறார். ஆய்க்குடிக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறாய் என்றார். உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் கார் ஓட்டப் போனதால் காதுகுத்துக்கு வரவில்லை என்று தெரிந்தால் சங்கரம்மாள் மதினி அதை ஏழு ஊருக்குச் சொல்வாள். அவளைப் பொறுத்தவரை தம்பி பெண்டாட்டி பார்ப்பது ‘டைவர் வேலை’. அந்த வீட்டில் செல்லுபடியாகிற சாக்கு ஒன்றே ஒன்று உண்டு. சங்கரம்மாளுக்குப் பத்து வருஷமாக முதுகுவலி. முதுகுவலி என்றால் மட்டும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறையாக மரியாதை கொடுப்பாள்.

ஜெயசித்ரா இடுப்பில் கையை வைத்தாள். நேற்றிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது, நிமிர முடியவில்லை என்றாள். முத்துகுமரன் ஒரு நிமிஷம் அவளைப் பார்த்தார். படுத்து ரெஸ்ட் எடு, அக்காவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கு அவருக்குப் பழைய அருவிப் பக்கம் டூட்டி. அவள் போகப்போகிற வழிக்குச் சம்பந்தமே கிடையாது. அந்தத் தைரியம்தான்.

முதலில் பச்சை நிற இங்கிலாந்துக் கார். மேலே கூரை இல்லை. கதவு இடுப்புக்குக் கீழே நின்றுவிட்டது. முன் கண்ணாடியையும் மடக்கி வைத்திருந்தார்கள். காற்றுக்கு இது வேண்டும் என்று சலீம், கண்ணை மூடி மாட்டுகிற ஒரு தோல் கண்ணாடியைக் கொடுத்தார். அதை மாட்டி, துப்பட்டாவைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டியதும் பெற்ற தாய்க்கே அவளை அடையாளம் தெரியாது. காரில் ஏறினாள் என்று சொல்ல முடியாது. தொட்டிக்குள் இறங்குவதுபோல இறங்கினாள். ரோடு முழங்கைக்குப் பக்கத்தில் ஓடியது. தென்காசிக்குள் நுழைந்தபோது ஷேர் ஆட்டோவின் டயர் அவள் காதுக்கு நேரே வந்து நின்றது. மார்க்கெட் முனையில் ஒரு வெள்ளாடு நின்ற இடத்திலிருந்தே தலையைக் குனிந்து அவள் மடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தது.

அவள் வாய் சும்மா இருக்கவில்லை. கிளச்சை மிதி, கியரை மாற்று, கண்ணாடியைப் பார், பயப்படாதே என்று பழக்கத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சலீம் கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“எனக்கா மேடம் சொல்லுதிய?”

“இல்ல பாய். எனக்கு.”

நாற்பதில் போனால் அந்தக் கார் இருமியது. இதற்கு அறுபதுக்கு மேல்தான் மூச்சு வரும் என்றார் சலீம். மேலகரம் தாண்டி ரோடு கொஞ்சம் காலியாகக் கிடந்தது. ஜெயசித்ரா அவர் சொன்னதை நம்பி மிதித்தாள். இருமல் நின்று, கார் அடித்தொண்டையில் பாட ஆரம்பித்தது. மலை அப்படியே எழுந்து எதிரே வந்தது. சாரல் ஊசி ஊசியாக முகத்தில் அடித்தது. பல்லில் சில்லென்று என்னவோ படுகிறதே என்று பார்த்த பிறகுதான், தான் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

அந்தச் சிரிப்பு குற்றாலத்தில், ஐந்தருவிக்கு ரோடு பிரிகிற முக்கில் நின்றது. முக்கின் நடுவில் முத்துகுமரன் நின்றுகொண்டிருந்தார். கூட்டம் அதிகம் என்று அவரை இங்கே மாற்றிப் போட்டிருந்தார்கள்.

திரும்ப வழியில்லை. பின்னால் மூன்று வேன். ஜெயசித்ரா கழுத்தைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டு, திரும்ப வேண்டிய பக்கம் கையை நீட்டினாள். முத்துகுமரன் எதிர்ப்பக்க வண்டிகளை நிறுத்தி, ரொம்ப கம்பீரமாக அவளுக்கு வழிவிட்டார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

காரை ரிசார்ட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் மினி பஸ்ஸில் திரும்பினார்கள். அடுத்த காருக்கு ஷெட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்.

இரண்டாவது சிவப்பு இத்தாலிக் கார். அதில் ஸ்டியரிங் இடதுபக்கம். கொச்சி டிரைவர்களே இதற்குத்தான் தயங்கினார்கள் என்று சலீம் கவலையோடு சொன்னார். ஜெயசித்ரா மறுபடியும் தோல் கண்ணாடியும் துப்பட்டாவும் மாட்டிக்கொண்டு இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தாள். அவள் வாழ்நாளில் பாதி அந்தப் பக்கத்தில்தான் போயிருந்தது. ஓரத்துச் சாக்கடைக்கும் டயருக்கும் எத்தனை விரல் இடைவெளி என்பது அவளுக்கு மனப்பாடம். எப்போதும் வெறும் மடியாக இருந்த இடத்தில் இப்போது ஸ்டியரிங் இருந்தது, அவ்வளவுதான். தென்காசி நெரிசலில் அந்தக் காரை மீனைப்போல விட்டாள்.

வம்பு சலீமால் வந்தது. அவர் வலதுபக்கம், அதாவது மற்ற கார்களில் டிரைவர் உட்காருகிற இடத்தில், மடியில் பொட்டலத்தை வைத்துக் கடலை தின்றுகொண்டு வந்தார். எதிரே வந்த ஒரு லோடு ஆட்டோக்காரர் பயந்து வயலுக்குள் இறங்கிவிட்டார். காசிமேஜர்புரத்தில் ஒரு பாட்டுக் கச்சேரி வேனிலிருந்து நாலு பேர் எட்டிப் பார்த்து, ஸ்டியரிங்கைப் பிடிக்கும்படி அவரைக் கும்பிட்டார்கள். ஐந்தருவி முக்கில் ஒரு ஊர்க்காவல் படைக்காரர் பாய்ந்து வந்து காரை மறித்து, கையை எடுத்துவிட்டு ஓட்டுகிறாயே, சாகவா போகிறாய் என்று சலீமை இறக்கப் பார்த்தார். சலீமுக்குக் கடலை தொண்டையில் சிக்கிக்கொண்டது. ஜெயசித்ரா ஸ்டியரிங்குக்கு மேலே தெரிந்த தன் கையை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்திருந்தாள். கல்யாணத்துக்கு முத்துகுமரன் போட்ட மோதிரம் அந்தக் கையில்தான் இருந்தது.

முத்துகுமரன் மெதுவாக நடந்து வந்தார். அவள் பக்கம் பார்க்கவே இல்லை. “விடுப்பா. ஸ்டியரிங் அந்தப் பக்கம் இருக்கு. ஃபாரின் வண்டி” என்று சொல்லி, கையை வீசி அனுப்பினார்.

திரும்பி வரும்போது அதே மினி பஸ். கண்டக்டர் நயினார் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே அவளை உற்றுப் பார்த்தான். “யக்கா, போகையில காருல போறிய, வரையில பஸ்ஸுல வாறிய. ஒவ்வொரு தடவையும் கார எங்க தொலைக்கிய?” என்று கேட்டான். பஸ்ஸே அவள் பதிலுக்குக் காத்திருந்தது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்றாவது, வெள்ளி நிறத்தில் ஆமை ஓடுபோல முதுகு வளைந்த ஜெர்மன் கார். ஐந்தருவி முக்குக்கு ஒரு பர்லாங் முன்னால் கூட்ட நெரிசலில் நின்றது, நின்ற இடத்தில் அணைந்தும் போனது. பெட்ரோல் அடைப்பாக இருக்கும் என்று சலீம் இறங்கினார். அதற்குள் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு போய்க்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் உதவிக்கு ஓடி வந்து, கேட்காமலேயே முன்பக்க மூடியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு ஸ்டெப்னியும் சலீமின் சாப்பாட்டுத் தூக்கும் இருந்தன.

“அண்ணாச்சி, எஞ்சினக் காங்கல” என்றான் ஒருவன்.

கூட்டம் திகைத்துவிட்டது. குலுக்கலில் கழன்று விழுந்திருக்கும் என்றார் ஒரு பெரியவர். இரண்டு பேர் தேடிப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று வந்த வழியே ரோட்டைப் பார்த்துக்கொண்டு நடக்கவும் தொடங்கினார்கள். சலீமுக்கு அவமானமாகப் போய்விட்டது. இந்தக் காருக்கு எஞ்சின் பின்னால் இருக்கிறது என்று கத்திக்கொண்டே பின் மூடியைத் திறந்து குனிந்தார். அந்த நேரம் பார்த்து ஜெயசித்ராவின் போன் அடித்தது. முத்துகுமரன். முதுகுவலி எப்படி இருக்கிறது என்றார்.

“படுத்துதான் இருக்கேன்” என்றாள்.

சலீம் என்னத்தையோ தட்டினார். எஞ்சின் பெருஞ்சத்தத்தோடு உயிர் பெற்றது. துண்டு கட்டியவர்கள் கை தட்டினார்கள்.

“என்ன சத்தம்?”

“மிக்ஸி.”

“படுத்துகிட்டே என்ன அரைக்க?”

“தேங்காய்ச் சட்னி” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். நெரிசல் விலகிய இடைவெளியில் முக்கு தெரிந்தது. முத்துகுமரன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, மலையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். அரைத்து முடித்துவிட்டு ரெஸ்ட் எடு என்று சொல்லிப் போனை வைத்தார். அவள் முக்கைக் கடக்கும்போது ரோடு துடைத்துவிட்டதுபோலக் காலியாக இருந்தது. அவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? தெரிந்திருந்தால் ஏன் பிடிக்கவில்லை? இந்த யோசனையில், காரை விட்டுவிட்டுத் திரும்பும்போது மினி பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

நாலாவது கார் மஞ்சள். நாலில் அதுதான் பெரிது. முன்பக்கம் மட்டுமே ஒரு கட்டில் நீளம். சீட்டோ சாய்வு நாற்காலியைப்போலச் சரிந்து, காலை நீட்டிப் போட்டு உட்காருகிற மாதிரி இருந்தது. ஷெட்டை விட்டுக் கிளம்பும்போது மணி நாலைத் தாண்டிவிட்டது. அதன் வேகத்துக்குத் தென்காசி ரோடு போதவே போதாது. கயிற்றில் கட்டிய காளையைக் கூட்டிக்கொண்டு போவதுபோல ஜெயசித்ரா அதைத் தட்டித் தட்டிக் கூட்டி வந்தாள்.

முக்கு கண்ணில் பட்டது. முத்துகுமரன் நின்றார். அவருக்குப் பக்கத்தில், ஜரிகைச் சேலையும் சந்தனப் பொட்டுமாகச் சங்கரம்மாள் மதினி நின்றாள். பின்னால் ஒரு வேன் நிறைய ஆய்க்குடிச் சொந்தம். காதுகுத்தும் விருந்தும் முடிந்த கையோடு குளிக்கப் புறப்பட்டு வந்திருக்கிறார்கள்.

ஜெயசித்ராவின் கால் பிரேக்குக்குப் போனது. அவள் முகத்தைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொண்ட சலீம், நீங்கள் குனிந்துகொள்ளுங்கள், இந்த ஐம்பது அடியை மட்டும் நான் ஓட்டிவிடுகிறேன் என்றார். சொல்லும்போதே அவருக்கு நெற்றி வியர்த்தது. கை விரல்கள் விறைத்துக்கொண்டு நின்றன. ஜெயசித்ரா அந்த விரல்களைப் பார்த்தாள். முக்கில் நிற்கிற மதினியைப் பார்த்தாள். மதினி வாயால் மட்டும்தான் கொல்லுவாள். ஜெயசித்ரா தோல் கண்ணாடியைக் கழற்றினாள், துப்பட்டாவை அவிழ்த்தாள், முகம் தெரிய நேராக ஓட்டினாள்.

முத்துகுமரன் கையைத் தூக்கி நிறுத்தினார். நிறுத்தித்தான் ஆக வேண்டும். எதிர்ப்பக்கம் இரண்டு பஸ் வந்துகொண்டிருந்தது. மஞ்சள் மூக்கு அவருடைய பெல்ட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. சங்கரம்மாள் முதலில் காரைப் பார்த்தாள். அப்புறம் உள்ளே பார்த்தாள்.

“ஏட்டி ஜெயா, நீ நிமுர முடியாமக் கெடக்கேன்னுல்லா தம்பி சொன்னான்?”

முத்துகுமரன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சாட்சிக் கூண்டில் நிற்கிற குரலில் சொன்னார். “நெசந்தான்க்கா. நிமுந்து உக்காரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. இந்த வண்டில நிமுந்து உக்காரவே முடியாது. நீயே பாரு.”

சங்கரம்மாள் குனிந்து பார்த்தாள். பத்து வருஷம் முதுகுவலியோடு குடித்தனம் நடத்தியவள் பார்க்கிற பார்வை அது. சரிந்த சீட்டையும், ஜெயசித்ராவின் நீட்டிய கால்களையும், அவள் முதுகு எந்த இடத்தில் அண்டக் கொடுத்திருக்கிறது என்பதையும் பார்த்தாள். மதினி முகத்திலிருந்த கோபம் மெல்ல ஆசையாக மாறியது.

“நான் செத்த ஏறிப் பாக்கட்டுமா?” என்றாள்.

சலீம் பதறி இறங்கினார். சங்கரம்மாளை அந்தப் பள்ளத்துக்குள் இறக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். தலை உள்ளே போனபோது கால் வெளியே நின்றது. கால் உள்ளே போனபோது சேலை கதவில் மாட்டிக்கொண்டது. நாலு பக்கமும் ஹாரன் அலறியது. போக்குவரத்தைச் சரிசெய்ய வேண்டியவரே அக்காவின் முழங்காலை மடக்கிக்கொண்டிருந்ததால், அவர் சலீமை அந்தப் பக்க வண்டிகளை நிறுத்தச் சொன்னார். சலீம் முக்கின் நடுவில் போய் நின்று கையைத் தூக்கினார். ஆச்சரியம் என்னவென்றால், எல்லா வண்டியும் நின்றது. ஓடாத வண்டிகளிடம் அவருக்கு எப்போதும் பயம் கிடையாது.

கார் நகர்ந்ததும் சங்கரம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டாள். இரண்டு வளைவு தாண்டியும் கண்ணைத் திறக்கவில்லை. ஜெயசித்ரா, இன்றைக்கு முழுக்கத் தான் செய்ததையெல்லாம் சொல்லிவிடலாமென்று தொண்டையைச் செருமினாள். மதினி கையைக் காட்டி நிறுத்தினாள்.

“பேசாத. வலி இல்ல” என்றாள், ஏதோ தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. அப்புறம் ஒரு கண்ணைத் திறந்து ரோட்டைப் பார்த்தாள். “ஏன் இப்படி உருட்டுத? கொஞ்சம் மிதியேன்.”

ஜெயசித்ரா மிதித்தாள். கயிறு அறுந்த காளை கிளம்பியது. ரிசார்ட் வாசலில் மணிகண்டபிரபு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மஞ்சள் கார் அவரைத் தாண்டி மேலே ஐந்தருவிப் பக்கம் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, மறுபடியும் அவரைத் தாண்டிக் கீழே போனது. மூன்றாம் முறைதான் உள்ளே திரும்பியது. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று சங்கரம்மாள் கேட்டதால் வந்த வினை என்பது அவருக்குத் தெரியாது. வண்டியின் திறமையைக் காட்டத்தான் அப்படி ஓட்டினார்கள் என்று எடுத்துக்கொண்டு, நாலு காரையும் அந்த இடத்திலேயே பேசி முடித்தார். முக்கிலிருந்து ஓடி வந்து சேர்ந்த சலீம் மூச்சு வாங்கிக்கொண்டே தலையாட்டினார்.

சனி ஞாயிறுகளில் இதை யார் ஓட்டுவார்கள் என்று மணிகண்டபிரபு கேட்டார். கொச்சிக்காரர்கள் என்று சலீம் வாயெடுப்பதற்குள் சங்கரம்மாள் சீட்டில் படுத்தபடியே பதில் சொன்னாள். “எங்க வீட்டுப் பிள்ளைதான் ஓட்டும். பத்தொம்பது வருச சர்வீஸ். வேற ஒருத்தன் தொடக்கூடாது.” அவளை வெளியே எடுக்க, ரிசார்ட் ஆட்களும் சேர்ந்து ஐந்து பேர் தேவைப்பட்டார்கள்.

ராத்திரிச் சாப்பாடு ஆய்க்குடியில்தான் என்று மதினி உத்தரவு போட்டுவிட்டாள். டூட்டி முடிந்து முத்துகுமரன் பைக்கைக் கொண்டுவர, ஜெயசித்ரா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். காசிமேஜர்புரம் தாண்டியது. அப்புறம், எந்தக் காரில் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டாள்.

“மொதக் காருலயே. இந்த மாவட்டத்துல புஸ்தகத்துல போட்டிருக்கபடி கை காட்டித் திரும்புதவ நீ ஒருத்திதான்” என்றார்.

அப்படியானால் ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டாள். நிறுத்தத்தான் கையைத் தூக்கினாராம். அதற்குள் அவள் சிரித்துக்கொண்டு வந்தது நினைவுக்கு வந்ததாம். தூரத்தில் வரும்போதே பல் தெரிந்தது, அப்படி ஒரு சிரிப்பை வீட்டில் பார்த்த ஞாபகம் இல்லை, அதை நிறுத்த மனசு வரவில்லை என்றார். பிறகு மூன்று தடவையும் எப்போது வருவாள் என்று பார்த்துக்கொண்டு நின்றாராம். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட மாற்று ஆள் கேட்கவில்லை.

ஜெயசித்ரா பேச ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. பச்சை இருமியது, சிவப்பு மீனாகப் போனது, எஞ்சினைத் தேடிப் போன இரண்டு பேர் இன்னும் திரும்பவில்லை என்று எல்லாவற்றையும் அவர் காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். முத்துகுமரன் உம் கொட்டிக்கொண்டு முப்பதில் ஓட்டினார். ஒரு மாட்டு வண்டி அவர்களை முந்தாததுதான் பாக்கி. மேலகரம் தாண்டியதும் அவள் பேச்சை நிறுத்தி, அவர் தோளைத் தட்டி, ஓரமாக நிறுத்தச் சொன்னாள்.

“எறங்குங்க” என்றாள். “சாப்பாடு ஆறிரும்.”

அவர் இறங்கிச் சாவியைக் கொடுத்தார். அவள் சுடிதார் காலைச் சுருட்டிவிட்டுக்கொண்டு முன்னால் ஏறினாள். முத்துகுமரன் பின்னால் உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.